மணி அடிக்க ஐந்து நிமிடம்: "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு என்ன செய்யலாம்?

#1 கரும்பலகை (தாராவி), ஜூலை 8, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வருவேன், படிப்பேன், போய்விடுவேன். இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். மதிய ஷிப்ட். வகுப்பில் 46 பிள்ளைகள். பீரியட் 35 நிமிடம் என்று பேர்தான். வருகைப் பதிவு, யாருடைய பென்சிலையோ யாரோ எடுத்த வழக்கு, இந்த மாதத்தில் நனைந்த குடையை எங்கே வைப்பது என்கிற தகராறு எல்லாம் போக 28 நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

போன வெள்ளிக்கிழமை ஒளிச்சேர்க்கை நடத்தினேன். எனக்கே பிடித்த பாடம். வீட்டிலிருந்து துளசி, செம்பருத்தி இலைகளை டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். பலகை நிறையப் படம் போட்டேன். பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்டார்கள். கடைசி நிமிடத்தில் வழக்கம்போல "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். 46 வாயும் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது டீச்சர்" என்றன. மணி அடித்தது. எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை போய், "வெள்ளிக்கிழமை என்ன படிச்சோம்?" என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி "இலை" என்றாள். பின்னாலிருந்து "பச்சை" என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

குறை பிள்ளைகளிடம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர், ஓடிக்கொண்டே இருக்கும் டிவி, கீழே தையல் மெஷின் சத்தம். அங்கே போய்ப் புத்தகத்தைத் திறப்பார்கள் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அதனால் வகுப்புக்கு உள்ளேயே, அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில், படித்ததை மனதில் உட்கார வைக்க ஏதாவது செய்தாக வேண்டும். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

#2 ஓய்ந்த சாக்பீஸ் (முலுண்ட்), ஜூலை 8, இரவு 10.35

அம்மா, 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் பேசக்கூடாது, எழுத வேண்டும். பாடத்தின் சாரத்தை நான்கு வரியில் பலகையில் போடுங்கள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதட்டும். மறுநாள் அந்த நான்கு வரியை ஒப்பிக்கச் சொல்லுங்கள். என்னிடம் படித்தவர்கள் இன்று பெரிய பெரிய இடத்தில் இருக்கிறார்கள். எல்லோரும் நான்கு வரி எழுதியவர்கள்தான்.

#3 மேஜைவிளக்கு (ஆன்டாப் ஹில்), ஜூலை 8, இரவு 11.20

சாக்பீஸ் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த நான்கு வரி எழுதியவர்களில் நானும் ஒருவன். உங்கள் வகுப்பில் இல்லை, வேறு பள்ளியில். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நோட்டுக்கு ஸ்டார் எல்லாம் வாங்கியிருக்கிறேன். ஆனால் எழுதும்போது கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, மூளை பாட்டுக்கு வெளியே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். பலகையில் "ஆக்சிஜன்" என்பதை யாராவது விளையாட்டாக "ஆக்சிடென்ட்" என்று மாற்றி வைத்திருந்தாலும் அப்படியே எழுதியிருப்பேன்.

இப்போது பகலில் வங்கி வேலை, சாயங்காலம் எங்கள் சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பு) பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அங்கே ஒரே ஒரு சட்டம். கிளம்பும் முன் புத்தகத்தை மூட வேண்டும். பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அவன் திருப்பி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னவன் செருப்பு மாட்டலாம்.

#4 ஹார்பர் லைன் (செம்பூர்), ஜூலை 9, காலை 7.15

ரயிலில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் குர்லாவில் ஏறிய கூட்டத்தைத் திட்டுங்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை செய்கிறேன். மேஜைவிளக்குத் தம்பி சொன்னதுதான் சரியான திசை. அது ஏன் வேலை செய்கிறது என்று சொல்லப் பார்க்கிறேன்.

"புரிஞ்சுதா?" என்பதற்கு "புரிஞ்சுது" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அதற்கு உண்மையாகவே புரிந்த மாதிரிதான் இருக்கிறது. படம் பலகையில் இருக்கிறது, உங்கள் குரல் காதில் இருக்கிறது, எல்லாம் தெரிந்த முகம்போலத் தோன்றுகிறது. தாதர் ஸ்டேஷனில் தினமும் பார்க்கும் முகம் மாதிரி. பார்த்தால் தெரியும், பேர் கேட்டால் தெரியாது. பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, ஒன்றும் எதிரில் இல்லாதபோது உள்ளிருந்து எடுப்பது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவதை. வகுப்பில் நாம் பழக்குவது முதலாவதை மட்டும்.

மறதியை முதன்முதலில் உட்கார்ந்து அளந்தவர் எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மானியர். 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். வேறு யாரையும் சோதிக்கவில்லை, அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தானே மறந்து பார்த்தார். மறதி சீராக வடிவதில்லை என்பதுதான் அவர் கண்டது. முதல் சில மணி நேரத்தில் மடமடவென்று போகிறது, அப்புறம் மிச்சம் மெல்லக் கரைகிறது. உங்கள் வெள்ளி-திங்கள் கதை அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே பத்தி. ஒரு குழு அதை இரண்டாம் முறையும் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால்: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. அந்த முதல் ஐந்து நிமிட வெற்றியில்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம்.

கல்லூரிப் பிள்ளைகள் வேறு, நம் பிள்ளைகள் வேறு என்று யாராவது சொல்லும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன். 1939-இலேயே ஸ்பிட்சர் என்பவர் அயோவா மாநிலத்தில் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே போலச் செய்து பார்த்திருக்கிறார். படித்த உடனே ஒரு முறை சோதித்துக்கொண்டவர்களுக்குப் பிற்பாடு அதிகம் நினைவிருந்தது. நாள் கடந்தபின் முதல் சோதனை வைத்தால் பலன் குறைவு, ஏனென்றால் அதற்குள் எடுப்பதற்கே உள்ளே ஒன்றும் இருக்காது. ஆக, வகுப்பு முடிவுதான் சரியான நேரம்.

சாக்பீஸ் சார் பலகையில் எழுதிய நான்கு வரியில், சாரம் பிழிந்த வேலை முழுக்க சாருடையது. பலன் அடைந்த மூளையும் சாருடையதுதான்.

வடாலா வந்துவிட்டது. மீதி ராத்திரி.

#5 ஓய்ந்த சாக்பீஸ் (முலுண்ட்), ஜூலை 9, காலை 8.05

கடைசி வரி குத்தல். பரவாயில்லை, ரசித்தேன்.

#6 கரும்பலகை (தாராவி), ஜூலை 9, இரவு 10.10

ஹார்பர் லைன் சார், காலையில் படித்துவிட்டு மதியமே செய்து பார்த்தேன். புத்தகத்தை மூடச் சொல்லி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் "இன்று படித்ததில் நினைவிருப்பதை எழுதுங்கள்" என்றேன். சொதப்பல். பாதிப் பேர் பாடத் தலைப்பை எழுதி அழகாகக் கோடு போட்டார்கள். கால்வாசிப் பேர் பக்கத்து நோட்டைப் பார்த்தார்கள். நான்கு பேர் பாத்ரூம் போக அனுமதி கேட்டார்கள்.

இன்னும் மூன்று சந்தேகம். நோட்டுக்குப் பதில் சீட்டில் எழுதி வாங்கலாம் என்றால் வகுப்புக்கு 46 சீட்டு, இரண்டு வகுப்பு என்றால் 92. இதைத் திருத்த எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். இரண்டாவது, நன்றாகப் பேசும் சில பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வரவில்லை. தெருவில் இந்தி, டிவியில் மராத்தி, வீட்டில் திருநெல்வேலித் தமிழ். எழுதச் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்ததும் தெரியாத மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றாவது, காகிதம். தினமும் ஒரு தாள் கிழித்தால் வீட்டில் திட்டு வாங்குவார்கள்.

#7 ஹார்பர் லைன் (செம்பூர்), ஜூலை 9, இரவு 11.30

முதல் சோதனையிலேயே நான்கு பேர் பாத்ரூம் போனார்கள் என்றால் நீங்கள் சரியான நரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

திருத்தாதீர்கள். அது தேர்வுத் தாள் இல்லை. மதிப்பெண் போட்ட அன்றே காப்பி அடிப்பது தொடங்கிவிடும். சீட்டுகளைச் சும்மா புரட்டி மூன்று குவியலாகப் போடுங்கள். பிடித்துக்கொண்டவை, அரைகுறை, வழி தவறியவை. ஒரு சீட்டுக்கு ஐந்து வினாடி போதும். 46 சீட்டு நான்கு நிமிடம். ஸ்டாஃப் ரூமில் சாய் ஆறுவதற்குள் முடிந்துவிடும். மூன்றாவது குவியல்தான் உங்களுக்கு வேண்டியது. அதில் ஒரே தப்பு பத்துச் சீட்டில் இருந்தால் நாளைக்கு வகுப்பை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிட்டது.

காகிதத்துக்கு, ஒரு பக்கம் அச்சான பழைய சுற்றறிக்கைகள் எந்த அலுவலக அறையிலும் மூட்டையாகக் கிடக்கும். ஒரு தாளை எட்டாகக் கிழியுங்கள். சீட்டு சின்னதாக இருப்பது நல்லது. பெரிய தாளைப் பார்த்தால் பிள்ளைக்குப் பயம், சின்னச் சீட்டை நிரப்பிவிடலாம் என்று தோன்றும்.

எழுத வராத பிள்ளைகள் படம் போட்டு அம்புக்குறி போடட்டும். இந்தியிலோ மராத்தியிலோ எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுவது ஒளிச்சேர்க்கை, ஒற்றுப்பிழை இல்லை.

இனி முக்கியமான விஷயம். "நினைவிருப்பதை எழுது" என்பது ஏழாம் வகுப்புக்கு மிக அகலமான கேள்வி. தலைப்பைத்தான் எழுதுவார்கள். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும், ஆனால் புத்தகத்தின் எந்த ஒரு வரியும் அதற்கு விடையாகிவிடக் கூடாது. ஒளிச்சேர்க்கைக்கு நான் பயிற்சி மாணவர்களிடம் சொல்லும் கேள்வி இது. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்று ஒருவர் இருந்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டுக்கு மேல். மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்பதுதான் சீட்டுக் கேள்வி.

முக்கால்வாசிப் பிள்ளைகள் "மண்ணிலிருந்து" என்று எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள். மண்தான் செடிக்குச் சாப்பாடு என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். ஹெல்மான்ட்டே தப்புத்தான் செய்தார், எல்லா எடையும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். காற்றிலிருக்கும் கரியமில வாயு அவர் கணக்கில் வரவே இல்லை. ஒரு பெரிய விஞ்ஞானி எழுதிய சீட்டும் இரண்டாவது குவியலில்தான் விழுந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

#8 நன்னூலான் (சயான்), ஜூலை 10, மாலை 6.40

அயோவாவிலும் ஜெர்மனியிலும் தேடுகிறீர்கள். தமிழாசிரியனுக்குக் கை துறுதுறுக்கிறது, மன்னிக்கவும்.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்கிறார். கேட்டவற்றை நினைக்க வேண்டும், கூடப் படிப்பவரோடு பயில வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. அப்புறம் ஒரு சூத்திரம் வருகிறது:

"ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும்
காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்"

ஆசிரியர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாலும் அதில் கிடைப்பது கால் பங்குதான். சக மாணவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கும் தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. மேஜைவிளக்குத் தம்பியின் செருப்புச் சட்டம் எண்ணூறு வருடத்துக்கு முந்தையது.

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளைதான் சின்னப் பிள்ளைகளிடம் பாடம் கேட்பான். மணலில் எழுதி எழுதி அழிப்பார்கள், காகிதச் செலவே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் அனாதை விடுதியில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார், பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஏற்பாட்டை நடத்தி, 1797-இல் அதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தில் அது "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே பரவியது. மணலில் எழுதிப் பழகும் வழக்கத்தை இங்கே பள்ளிகளில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். நாம்தான் இடையில் நான்கு வரி எழுதிப்போடப் போய்விட்டோம். (சாக்பீஸ் ஐயா, சும்மா.)

#9 ஓய்ந்த சாக்பீஸ் (முலுண்ட்), ஜூலை 10, இரவு 9.15

எல்லோரும் சேர்ந்து என்னை அடிக்கிறீர்கள். சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லும்போது தப்பும் பரவும். என் வகுப்பில் நடந்தது. பின்னக் கூட்டல். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. குரல் கணீரென்று இருக்கும், வகுப்பில் அவன் சொன்னால் எடுபடும். மறுநாள் ஒரு பெஞ்ச் முழுக்க ஐந்தில் இரண்டு. அதை அழிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. "அரையைவிட ஐந்தில் இரண்டு சின்னது. அரை வடா பாவோடு இன்னும் கொஞ்சம் கொடுத்தால் வடா பாவ் குறையுமாடா?" என்று கேட்ட பிறகுதான் மண்டையில் ஏறியது.

அதனால் பேச விடுங்கள், ஆனால் பேசி முடித்ததும் சரியான விடை அன்றே காதில் விழுந்தாக வேண்டும். தப்போடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ராத்திரி முழுக்க அது ஊறும்.

#10 ஹார்பர் லைன் (செம்பூர்), ஜூலை 10, இரவு 9.50

சாக்பீஸ் சார் சொல்வது நூற்றுக்கு நூறு. நானே சொல்லியிருக்க வேண்டும். எடுத்துப் பார்ப்பது, உடனே சரிபார்ப்பது, இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். கடைசி ஒரு நிமிடத்தை அதற்கு வையுங்கள்.

#11 இரண்டாம் மாடி (செம்பூர்), ஜூலை 11, பகல் 2.20

நான் டீச்சர் இல்லை, அம்மா. பேசலாமா?

என் மகள் படிக்கும் பள்ளியில் (பேர் வேண்டாம்) போன வருடம் இதே மாதிரி தினச் சீட்டு கொண்டுவந்தார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் யாருக்கோ ஒரு யோசனை வந்து, சீட்டுக்குப் பத்துக்கு மார்க் போட்டு பெற்றோர் வாட்சப் குழுவில் பட்டியல் அனுப்பத் தொடங்கினார்கள். என் மகள் காலையில் வயிற்று வலி என்று சொல்ல ஆரம்பித்தாள். மெதுவாக எழுதுகிற பிள்ளை அவள். மூன்று நிமிடம் என்றாலே கை நடுங்கும். தெரிந்தது எல்லாம் வெளியே வருவதற்குள் சீட்டை வாங்கிவிடுவார்களாம். தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொன்று. தினமும் நான் "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன படிச்சே?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல." வருடம் முழுக்க இதே பதில்தான். வீட்டில் நாங்கள் வேறு எப்படிக் கேட்பது?

#12 மேஜைவிளக்கு (ஆன்டாப் ஹில்), ஜூலை 11, இரவு 10.45

அக்கா, "என்ன படிச்சே?" என்பதும் "புரிஞ்சுதா?"வின் தங்கைதான். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். எங்கள் சாலில் நான் பார்த்தவரை, பிள்ளைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்கிற நிலை வந்தால்தான் வாய் திறக்கும். பாட்டியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். "ஏண்டி, ராத்திரி மரத்தடியில படுக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, உங்க புஸ்தகத்துல அதைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?" என்று பாட்டி கேட்டால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது. பாட்டியைத் திருத்துவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

பள்ளியிலிருந்து வந்த உடனே கேட்காதீர்கள். பசி. சாப்பாடு இறங்கட்டும்.

#13 நெறியாளர், ஜூலை 12

டியூஷன் கட்டணம் பற்றிய பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடரலாம்.

#14 கரும்பலகை (தாராவி), ஆகஸ்ட் 2, இரவு 10.20

மூன்று வாரமாக எழுதவில்லை, ஆனால் செய்துகொண்டிருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதல் சிக்கல் நேரம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் பாடம் நடத்தும்போது எனக்கு நேரம் தெரியாது. கைக்கடிகாரம் வைத்திருக்கும் ஒரு பையனிடம் பொறுப்பைக் கொடுத்தேன். பின்வரிசை, என்னிடம் அதிகம் திட்டு வாங்குகிறவன். அவன் எழுந்து நின்று "டீச்சர், டைம்" என்பான். நான் ஒரு வரி முடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாலும் விடமாட்டான். இந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை அவன்.

சீட்டுக்கு அவர்களே "டிக்கெட்" என்று பேர் வைத்துவிட்டார்கள். டிக்கெட் கொடுத்தால்தான் வெளியே போகலாம், அதனால் வாசலில் நிற்கும் நான் டிசி. லோக்கல் ரயிலில் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறு என்ன சொல்வார்கள்? இதில் ஒரு கூத்து நடந்தது. ஒரு பையன் வீட்டில் போய், "இன்னிக்கு டிக்கெட் எழுதல, டீச்சர் டிசி" என்று அரைகுறையாகச் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவன் அம்மா இட்லி வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணீரோடு கேட்டில் நிற்கிறார். "என் பிள்ளைக்கு எதுக்கு டிசி குடுக்கறீங்க டீச்சர், ஒரு தடவை மன்னிச்சிடுங்க" என்கிறார். பள்ளியை விட்டு அனுப்பும் சான்றிதழ் என்று நினைத்துவிட்டார் பாவம். விளக்கிச் சொல்லி, சிரித்து, அவர் கொண்டுவந்த இட்லியையும் சாப்பிட்டு அனுப்பினேன்.

வில்லோ மரக் கேள்வியை முதல் வாரமே போட்டேன். ஹார்பர் லைன் சார் சொன்னபடியே மண், மண், மண். அடுத்தது தண்ணீர். ஒரு பெண் மட்டும் "காற்று (ஆனா காற்றுக்கு எடை இருக்கா?)" என்று எழுதியிருந்தாள். மறுநாள் வகுப்பை அந்த அடைப்புக்குறியிலிருந்துதான் தொடங்கினேன். இரண்டு பலூனை ஊதி ஒரு குச்சியின் இரு முனையிலும் கட்டி, நடுவில் நூல் போட்டுத் தொங்கவிட்டோம். ஒரு பலூனின் வாயில் டேப் ஒட்டி, அதன் மேல் ஊசி குத்திக் காற்றை மெல்ல இறக்கினோம். குச்சி ஊதிய பலூன் பக்கம் சாய்ந்தது. அன்றைக்கு யாருமே பாத்ரூம் கேட்கவில்லை.

சீட்டுகளில் பாடம் மட்டும் வருவதில்லை என்பதை நீங்கள் யாரும் சொல்லவில்லை. "புரியாதது ஏதாவது இருந்தால் பின்பக்கம் எழுதலாம், பேர் வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். ஒரு சீட்டில் "நீங்க பலகைய மறைச்சுட்டு நிக்கறீங்க". இன்னொன்றில் "நீங்க வேகமா பேசறீங்க, மழை சத்தத்துல கேக்கல". பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், நான் பலகையை மறைக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு சீட்டில் "புரியாதது: எல்லாம்". கையெழுத்தை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் கேட்கவில்லை. மறுநாள் முன்பெஞ்சுக்கு மாற்றினேன். கண் பரிசோதனை செய்யச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாம் மாடி அக்கா, உங்கள் மகளை நினைத்துக்கொண்டு ஒரு மாற்றம் செய்தேன். மெதுவாக எழுதுகிறவர்கள் வாசலில் என்னிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். தினமும் ஆறேழு பேர் அப்படிச் சொல்கிறார்கள். எழுத வராத என் இந்திப் பையன் ஒருவன் மின்சுற்று முழுவதையும் சாவிக்கொத்தும் ரப்பர் பேண்டும் வைத்து வாசலில் விளக்கினான். அடுத்த பீரியட் வாத்தியார் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தோற்ற இடமும் சொல்ல வேண்டும். கணக்கில் இது சரியாக வரவில்லை. "இன்று கற்ற முறையை உன் சொல்லில் எழுது" என்றால் அவர்களுக்கும் எழுதத் தெரியவில்லை, எனக்கும் என்ன எதிர்பார்ப்பது என்று தெரியவில்லை.

#15 ஓய்ந்த சாக்பீஸ் (முலுண்ட்), ஆகஸ்ட் 3, காலை 6.30

கணக்குக்கு "உன் சொல்லில் எழுது" வேண்டாம். தப்பாகப் போட்ட கணக்கு ஒன்றைச் சீட்டில் கொடுங்கள், எந்த வரியில் சறுக்கியது என்று வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த ஐந்தில் இரண்டு பையன் எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை இது. வாத்தியார் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது? தப்பு உண்மையாக அவர்கள் செய்யும் தப்பாக இருக்க வேண்டும், நீங்கள் சும்மா கற்பனை செய்த தப்பு கூடாது. முந்தைய நாள் சீட்டிலிருந்தே எடுங்கள், பேர் சொல்லாமல்.

இன்னொரு கேள்வி. அன்றன்றைக்குச் சரி. ஒரு மாதம் போனால்? ஜூலையில் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு இப்போது கேட்டால் என்ன சொல்வார்கள்? கணபதி லீவு வருகிறது. மோதகத்தோடு எல்லாவற்றையும் முழுங்கிவிடுவார்கள்.

#16 ஹார்பர் லைன் (செம்பூர்), ஆகஸ்ட் 3, காலை 7.20

அதனால்தான் ஐந்து நிமிடத்தில் மூன்று இன்றைய பாடத்துக்கு, ஒன்று சரிபார்க்க, மிச்சம் ஒன்று பழைய கேள்விக்கு. முந்தாநாள் ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று என்று மாற்றி மாற்றி. இடைவெளி விட்டுவிட்டு எடுப்பதில்தான் நிலைக்கும். 1972-இல் லைட்னர் என்கிற ஜெர்மானியர் இதற்கு ஒரு பெட்டி முறையே எழுதினார். தெரிந்த அட்டை பின் அறைக்குப் போகும், அதை எப்போதாவது எடுத்தால் போதும். தெரியாதது முதல் அறைக்குத் திரும்பும், அடிக்கடி எடுக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு செருப்புப் பெட்டி போதும்.

#17 கரும்பலகை (தாராவி), செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பகல் 11.40

விசர்ஜன் (பிள்ளையாரைக் கரைப்பது) முடிந்து பள்ளி திறந்த அன்று முன்னறிவிப்பில்லாமல் வில்லோ மரத்தைத் திரும்பக் கேட்டேன். எல்லோரும் சரியாக எழுதினார்கள் என்று சொல்ல ஆசைதான். இல்லை. பாதிக்கு மேல் காற்றையும் தண்ணீரையும் எழுதியிருந்தார்கள். சிலர் மண்ணுக்கே திரும்பிப் போயிருந்தார்கள். ஒரு சீட்டில் "பலூன்" என்று மட்டும் இருந்தது, அதை எந்தக் குவியலில் போடுவது என்று இன்னும் யோசிக்கிறேன். அதே மாதத்தில் சீட்டு இல்லாமல் நடத்திய இரண்டு பாடங்களையும் கேட்டுப் பார்த்தேன். அங்கே பழையபடி "இலை", "பச்சை" ரகம்தான்.

தப்புக் கணக்குச் சீட்டு பிரமாதமாகப் போகிறது. இப்போது அவர்களே எனக்குத் தப்புக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், நான் கண்டுபிடிக்க வேண்டுமாம். இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

சாக்பீஸ் சார், உங்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஐந்தில் இரண்டு பையனின் வாத்தியாரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எச்.எம்-மிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஏழாம் வகுப்பு. நீங்கள் பாடம் எடுக்கலாம், ஆனால் கைக்கடிகாரப் பையன் "டைம்" என்றால் நிறுத்திவிட வேண்டும். பலகையில் நான்கு வரி எழுதவும் கூடாது.

#18 ஓய்ந்த சாக்பீஸ் (முலுண்ட்), அதே நாள், பகல் 11.52

வருகிறேன். சயான் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரமா, ஷேர் ஆட்டோ வேண்டுமா? முட்டி வலி. தப்புக் கணக்கு நானும் ஒன்று கொண்டுவருகிறேன், கஷ்டமானது.